டெல்பர்ட்டின் இடது கை

அமெரிக்காவின் மொன்டானாவில் தபால் வண்டி ஓட்டும் நோரீனுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. அவள் கணவன் டெல்பர்ட்டுக்கோ மான் வேட்டை இல்லாமல் நவம்பர் போனதில்லை. மார்ச்சில் வந்த பக்கவாதம் அவன் வலது கையைக் கட்டையாக்கிவிட்டது. ஜூன் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிறு காலையில் பான்கேக்கைப் பாதியில் தள்ளிவைத்தான்.

"இடது கையால பழகப் போறேன். தோட்டா போடாம, வெறும் துப்பாக்கியில. நீ கூட இருக்கணும்."

"நானா? அதைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம் எடுக்கும்."

"எனக்கு மட்டும் நடுங்காமயா இருக்கு?" என்று பழக்கமில்லாத இடது கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. நோரீன் ஒப்புக்கொண்டாள்.

தோட்டாக்களையெல்லாம் மாடி அலமாரியில் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். நிலவறையில் அவன் துப்பாக்கியைத் திறந்து காட்டுவான். அவள் சுண்டுவிரலை உள்ளே விட்டு, காலிதான் என்று தொட்டுப் பார்ப்பாள். அப்புறம்தான் மணல்மூட்டைமேல் குழலைச் சாய்த்து, கான்கிரீட் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளிக்குக் குறிவைப்பான். அவள் பக்கவாட்டில் நின்று குழல்மேல் ஒரு காசை வைப்பாள்; துப்பாக்கி ஆடாமல் விசையை இழுத்தால் காசு விழாது. விசை 'டிக்' என்னும்; காசு உருண்டு ஓடும். ஒரு மாதம் அதைப் பொறுக்குவதே அவள் வேலையாக இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் நடுவில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்தவள், "மறுபடி திறந்து காட்டு" என்றாள்.

"இப்பத்தானே பார்த்தே! நான் என்ன பச்சப்புள்ளையா?"

"புள்ளையா இருந்தா ரெண்டு போட்டிருப்பேன். திற."

அவன் திறக்கவில்லை. தலை குனிந்தே இருந்தது. "இந்தக் கை என் கை மாதிரியே இல்ல, நோரீன். பயமா இருக்கு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்துப்போன அந்த வலது கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இப்பத் திற" என்றாள். திறந்தான்.

நவம்பரில் அவளே வண்டியோட்டி அவனைப் புல்வெளி ஓரத்தில் இறக்கினாள். பனியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். மான் வெளியே வந்து பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது.

மானருகே போனதும் டெல்பர்ட் முழித்தான். "ஒத்தைக் கையால இதை எப்படி அறுக்கறது? அதை யோசிக்கவே இல்லையே!"

"நல்ல வேட்டைக்காரன் போ!" நோரீன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "கத்தியைக் குடு. எங்க ஆரம்பிக்கணும், சொல்லு."

அவன் மானின் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அறுத்தாள்.