எனக்கு வராத மஞ்சக் கடுதாசி

எங்கள் பக்கத்தில் ஒருவர் நொடித்துப்போனால் தண்டோரா போட வேண்டியதில்லை, தபால்காரரே போதும். கோர்ட்டில் திவால் மனு போட்டவர் தனக்குக் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் அனுப்பும் நோட்டீசுக்கு மஞ்சக் கடுதாசி என்று பெயர். காகிதம் இப்போதெல்லாம் வெள்ளைதான். பெயர் மட்டும் மாறவில்லை.

உத்தமபாளையத்தில் திராட்சைக் கமிஷன் மண்டி வைத்திருந்த தம்பி போன வருடம் மஞ்சக் கடுதாசி கொடுத்தார். கூடப்பிறந்தவர் இல்லை, பதினாறு வருடத் தொழில் பழக்கத்தில் தம்பியானவர். நான் அட்டைப்பெட்டி செய்கிறவள். ராயப்பன்பட்டித் தோட்டத்துப் பழமெல்லாம் என் பெட்டியில் ஏறித்தான் அவர் மண்டியிலிருந்து கேரளத்துக்குப் போகும். பழம் போனது, பணம் வரவில்லை. அவ்வளவுதான் கதை.

பெட்டிக்காக அவர் எனக்குத் தர வேண்டியது நாலு லட்சம். மெஷின் வாங்க அவர் எனக்குத் தந்திருந்த அட்வான்ஸ் மூன்று லட்சம். எளிதாகக் கழித்திருக்கலாம். ஆனால் அட்வான்சைச் சரக்குக் காசில் கழிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கழித்துவிட்டால் இனி உன் சகவாசமே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அதனால் இரண்டு கடனும் வருடக்கணக்காக அப்படியே கிடந்தன.

லாரிக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லோருக்கும் கடுதாசி வந்தது. எனக்கு வரவில்லை. சந்தேகப்பட்டு என் வக்கீலிடம் போய் மனுவின் நகலைப் பார்த்தேன். தம்பிக்குக் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் நாற்பது பேர், நான் இல்லை. தம்பிக்குப் பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில் முதல் ஆளே நான்தான்!

"ரெண்டு பக்கமும் உங்க பேரு இருந்தா கழிச்சுக்கிரலாம்க்கா. இப்படியே விட்டா மூணு லட்சத்தையும் கட்டச் சொல்லுவாக. உங்க பாக்கிய நாமளே நிரூபிக்கலாம், ஆனா இழுக்கும். அவரே திருத்திக் குடுத்தா சுளுவு" என்றார் வக்கீல்.

மூன்று லட்சத்துக்கு மெஷினைத்தான் விற்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே கோபம் மூக்குக்கு மேல் வரும், அன்றைக்கு ஸ்கூட்டருக்கு முன்னால் ஓடியது. வாசலில் தம்பியின் மனைவி, "வாங்க மதினி, அவுக உள்ளதான் இருக்காக" என்றாள். காலில் செருப்போடு நின்றே கத்தினேன்.

"ஏப்பா, என் நாலு லட்சத்த முழுங்கிட்டு என்னைய மட்டும் கடன்காரி ஆக்கிட்டியே!"

தம்பி திகைத்துப்போய்விட்டார். "என்னக்கா பேசுறீக? அக்காவுக்குப் போயி எவனாச்சும் மஞ்சக் கடுதாசி அனுப்புவானா? கை வரலக்கா."

"அட்வான்ஸ எழுத மட்டும் கை வந்துச்சோ?"

"அது எங்க வக்கீலு பேங்க் பாஸ்புக்கப் பாத்து எழுதுனதுக்கா. அது இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

வந்த கோபமெல்லாம் சிரிப்பாகப் போய்விட்டது. "உன் மரியாதையில என் மெஷினு போயிரும்போலருக்கேப்பா. எனக்கும் ஒண்ணு அனுப்பு சாமி" என்று கும்பிட்டேன். கம்பம் பள்ளத்தாக்கில் மஞ்சக் கடுதாசியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் தம்பியின் வக்கீல் ஆபீசில் திருத்த மனு தயாரானது. மூன்றைக் கழித்தால் எனக்கு வர வேண்டியது ஒரு லட்சம். அதில் எவ்வளவு தேறும் என்பது கோர்ட்டுக்கே வெளிச்சம். பரவாயில்லை, மெஷின் தப்பியது. புதுப் பட்டியலைத் தம்பியே கைப்பட எழுதினார். லாரிக்காரர் முதல் நாற்பது பேரையும் மளமளவென்று எழுதிவிட்டார். நாற்பத்தொன்றாவதாக என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டதும் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும், "எழுதுப்பா" என்றுதான் சொன்னேன்.