விதைக்கிழங்குக்கு டிங்சர்

விதைக்கிழங்குக்கு டிங்சர் போட வைத்தது என் தாய்மாமாதான். நான் இல்லை. இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் மாமா பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு புளுகு கூடுகிறது. போன தடவை நான் கிழங்குக்கு ஊசி போட்டேனாம். அதற்கு முந்தின தடவை காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் வைத்தேனாம். பொறுத்தது போதும். நடந்ததை நானே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருடம் ஆகியிருந்தது. கொடைக்கானல் மலைக்கிராமமான போளூரில் இருந்தோம். அப்பா கொடைக்கானல் டவுனில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். சீசன் தொடங்கிவிட்டால் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார். சரிவில் அடுக்கடுக்காக இருந்த நிலத்தில் அம்மா ஒற்றை ஆளாக உருளைக்கிழங்கு நட முடியாது. அதனால் அந்தக் கோடையில் மாமா ஒத்தாசைக்கு வந்தார்.

அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்ளும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் நடுவில் இருந்தால்தான் பேசுவார்கள். ஒரே அடுப்படியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு இப்படிப் போகும்:

"மாமாவுக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளு."

"போதும்னு உங்கம்மாட்ட சொல்லு மருமகளே. உப்பு ஒரு கல்லு கூடிருச்சுன்னும் சொல்லு."

"திங்கிறவுகளுக்கு நாக்கு நீளமாப் போச்சுன்னு சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் அங்கும் இங்கும் சொல்வேன். சில சமயம் நானாக ஒன்றிரண்டு சேர்த்தும் சொல்வேன். பெரியவர்கள் பேசுவதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் அந்த ஆள் நான் என்று நினைத்திருந்தேன். அந்த வேலையில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

ஒரு நாள் காலையில் மாமா விதைக்கிழங்கை வெட்டினார். துண்டுக்கு ஒரு முளை நிற்கும்படி பார்த்துப் பார்த்து வெட்டி, சாம்பலில் புரட்டி, மாட்டுக் கொட்டகையில் சாக்கை விரித்துப் பரப்பினார். உடனே நட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"வெட்டுப்பட்டுக் கெடக்குல்ல. பச்சப் புண்ணோட மண்ணுக்குள்ள போட்டா அழுகிப் போகும். ஆறணும். சாம்பல் போட்டுருக்குல்ல, அது ஆத்திரும்."

"கிழங்குக்குப் புண்ணு ஆறுமா மாமா?"

"உன் முட்டி ஆறலையா? அது மாதிரித்தான்."

என் முட்டி ஆறவில்லை. சரிவில் விழுந்து பெயர்த்துக்கொண்டது. பொருக்குக் கட்டக் கட்ட நான் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீதான் இதுகளுக்கு நர்சம்மா. நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மாமா ஏர் ஓட்டப் போனார்.

இது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. கதை சொல்லும்போது இதை மட்டும் மறந்துவிடுகிறார்.

ஊருக்கு வரும் நர்சம்மா என் முட்டிக்கு என்ன செய்தார்? சோப்புப் போட்டுக் கழுவினார். புண்ணில் அழுக்கு நிற்கக் கூடாது என்றார். டிங்சர் தடவி, மிச்சத்தைப் பாட்டிலோடு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமா என்ன பூசியிருக்கிறார்? அடுப்புச் சாம்பல். சில நாள் கழித்துப் பார்த்தால், வெட்டின இடத்தில் சொரசொரவென்று என்னவோ படிந்திருந்தது. அதையும் அழுக்கு என்றே நினைத்தேன். தேங்காய் நாரை எடுத்து ஒவ்வொரு துண்டாகத் தேய்த்தேன். வெள்ளை வெளேர் என்று சுத்தமான புண் தெரியும் வரை விடவில்லை. பிறகு பாட்டில் டிங்சரை வாளித் தண்ணீரில் கொட்டி எல்லாவற்றையும் முக்கினேன்.

முக்கியெடுத்த கிழங்கெல்லாம் நீலமாகிவிட்டது. நீலம் என்றால், பேனா மை கொட்டின மாதிரி கருநீலம். டிங்சரில் இருக்கிற அயோடின் மாவுச்சத்தில் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

புல்லுக்கட்டோடு வந்த அம்மா அதைப் பார்த்தார். கட்டு கீழே விழுந்தது. மாமாவிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க நான் தயாராக நின்றேன். அம்மா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"அண்ணே, வெரசா வாங்கண்ணே. வெத பூராம் விசமாப் போச்சு."

மாமா மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"ஏ கழுத, என்ன பண்ணுன?"

"டிங்சர் போட்டேன்."

"யாருக்கு?"

"புண்ணுக்கு. நீங்கதான என்னைய நர்சம்மான்னு சொன்னீங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டுப் போடாம விட்டியே தாயி" என்றார். அம்மா அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சிரித்து முடித்ததும் அம்மாவுக்குப் பயம் வந்தது. வேறு விதை இல்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரே நட்டுக்கொண்டிருந்தது.

"இது போச்சுன்னா இந்த வருசம் நெலம் சும்மாத்தான் கெடக்கும்ணே."

"பொறும்மா. மறுபடியும் ஆறுதான்னு பாப்போம்."

மாமா கிழங்கைத் தண்ணீரில் அலசி, புதுச் சாம்பலில் புரட்டி மறுபடியும் பரப்பினார். மழை வந்தது. பக்கத்து நிலங்களில் எல்லாம் நட்டு முடித்துவிட்டார்கள். மாமா தினமும் சாயங்காலம் ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்ப்பார். "இன்னும் எளசாத்தான் கெடக்கு" என்பார். பிறகு என் முட்டியைப் பார்ப்பார். "நீயும் கையி வைக்காத. ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல ஆறுதுன்னு பாப்போம்." நான் ஜெயிக்க வேண்டும். முட்டியைத் தொடவே இல்லை.

நான் இப்போது திண்டுக்கல்லில் இரத்தம் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் கிழங்கைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மாமா சொன்னது பாதிதான் சரி. சாம்பல் புண்ணை ஆற்றாது. ஈரத்தைத்தான் உறிஞ்சும். ஆற்றுவது கிழங்கேதான். வெட்டுப்பட்ட செல்கள் செத்துப்போகும். அதற்கு அடியில் இருப்பவை தக்கை மாதிரி ஒரு பூச்சால் தங்களை மூடிக்கொள்ளும். பிறகு பிரிந்து பிரிந்து புதுத் தோல் கட்டும். நார் போட்டுத் தேய்த்தால் அடுத்த அடுக்கு அதே வேலையை முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். சுருங்கின பழைய கிழங்குக்கு நாள் கூட ஆகும். எங்கள் கிழங்கு சுருங்கினதுதான். இப்போது எனக்கே கத்தி பட்டால் ஒன்பது வயது முட்டி மாதிரி ஆறுவதில்லை.

முட்டிதான் முதலில் ஆறியது. கிழங்கு பின்னால் வந்தது. நட்டோம். முளை வந்த பிறகு வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். முளைக்காத குழி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பாதி அழுகிவிட்டது என்று மாமா சொல்வது பச்சைப் பொய்.

ஆனால் அன்றைக்கு என் கோபம் கிழங்குக்காக இல்லை. அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "அண்ணே, ரசம் ஊத்தவா?" என்று அம்மா நேராகக் கேட்டார். "உப்புக் கூடிருச்சும்மா" என்று மாமா நேராகச் சொன்னார். நான் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். கிழங்கைக் கெடுத்ததற்குத் தண்டனையாக என் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்றே நம்பினேன்.

"இனிமே கெழங்கத் தொட மாட்டேன். என் வேலையக் குடுங்கம்மா" என்று கேட்டேன்.

"எந்த வேலைடி?" என்றார் அம்மா. அதற்கு என்ன பெயர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வரப்பில் நின்ற பேரிக்காய் மரத்தை மாமா கேட்காமல் வெட்டியதில் அம்மாவுக்கும் அவருக்கும் இரண்டு வருடம் பேச்சே இல்லை என்பதும், அப்பா கெஞ்சித்தான் மாமா ஏர் ஓட்ட வந்தார் என்பதும் நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் பழனியில் மாமா மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும். மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். மாமா, சொல்லுங்கள். ஆனால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். எத்தனை குழி அழுகியது? அம்மாவை உங்களிடம் நேராகப் பேச வைத்தது யார்? என் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்து, அம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மண்டபம் பூராவும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.