மஞ்சள் இலைக்கு முதல் பரிசு

போன மாதம் எங்கள் போட்டோ குரூப்பில் முதல் பரிசு வாங்கியவர், எனக்குப் போன் செய்து அழாத குறையாகப் பேசினார். பரிசு கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா?

குரூப் பற்றி ஒரு வார்த்தை. நாமக்கல், சேலம், ராசிபுரம் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் கேமரா பைத்தியங்கள் நாங்கள். வாரம் ஒரு தலைப்பு. ஞாயிறு காலைக்குள் படத்தைப் போட வேண்டும். பிறகு ஆரம்பிக்கும் பஞ்சாயத்து... ஐஎஸ்ஓவை ஏன் ஏற்றினாய், ஷட்டர் ஸ்பீடு போதாது, வானம் வெளுத்துவிட்டது என்று பொழுதே போய்விடும்.

கொல்லிமலைக்குப் படமெடுக்கப் போனபோது, குண்டனி நாடு என்ற மலை ஊரில் பாப்பாத்தி அக்கா வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் குடும்பம். எடுத்த படங்களை அனுப்ப வசதியாக இருக்கட்டுமே என்று அவரையும் குரூப்பில் சேர்த்துக்கொண்டோம். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் சிவராமன் சார் — குரூப்பின் தலைமை நீதிபதி — அக்காவின் போனை வாங்கி ‘போர்ட்ரெய்ட் மோடு’ போட்டுக் கொடுத்தார். முன்னால் இருப்பது பளிச்சென்று விழும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிவிடும்.

“இனிமே எதை எடுத்தாலும் இதுலயே எடுங்க அக்கா” என்று அறிவுரை வேறு.

போன மாதம் ஒரு வாரத் தலைப்பு, ‘மஞ்சள்’. சாமந்தி, எலுமிச்சை, ஸ்கூல் பஸ் என்று குவிந்தன. நடுவே பாப்பாத்தி அக்காவின் படம். விரல்களுக்கிடையில் ஒரு மிளகு இலை, தகதகவென்று மஞ்சளாக. பின்னால் கொடியும் மரமும் தரையும் அப்படியே கரைந்து கிடந்தன.

குரூப் கொண்டாடித் தீர்த்தது. “என்ன டோன்!” என்றார் ஒருவர். “பேக்கிரவுண்டு ப்ளர் வெண்ணெய்ங்க!” என்றார் இன்னொருவர். சிவராமன் சார் தன் சிஷ்யைக்கு முதல் பரிசை அறிவித்தார். நானும் என் பங்குக்குக் கைதட்டும் பொம்மைகளைத் தட்டிவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் போன்.

“ஏனுங்க, பரிசெல்லாம் வேண்டாமுங்க. மழை விட்டதுலருந்து மொளகுக் கொடி பழுத்துப் பழுத்துக் கொட்டுதுங்க. ஒரு வரிசையே போயிருச்சு. எனக்கு டைப் அடிக்க வராதுங்க. படத்தப் பாத்தா, என்னாச்சுன்னு ஆராச்சும் கேப்பீங்கன்னு இருந்தேன். புள்ளைய காலேஜுல சேக்கறது இந்த மொளகை நம்பித்தாங்க...”

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் பார்த்தோம். ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா?

தோட்டக்கலைத் துறையில் இருக்கும் என் மைத்துனனுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். “மாமா, இலை தெரியுது. கொடியோட அடித்தண்டு எங்க? அங்க பாத்தாத்தான் சொல்ல முடியும். பின்னாடி ஒரே பனிமூட்டமா இருக்குது. எந்தப் புண்ணியவான் இப்படி எடுக்கச் சொன்னது?”

புண்ணியவானையும் அக்காவையும் லைனில் சேர்த்தேன். விஷயத்தைக் கேட்டதும் சிவராமன் சாரின் குரலே இறங்கிவிட்டது.

“அக்கா, நான் சொன்ன மோடு வேண்டாமுங்க. பக்கத்துல ‘போட்டோ’ன்னு இருக்கும், அதைத் தொடுங்க... ஆங். இப்போ கொடிக்கு அடியில குனிஞ்சு எடுங்க. அழகெல்லாம் பாக்காதீங்க.”

வந்தது படம். கோணல். ஓரத்தில் அக்காவின் செருப்பு. சேறு, தேங்கிய தண்ணீர், மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துப்போன தண்டு — எல்லாம் தெளிவாக இருந்தன. எங்கள் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.

“வாடல் நோய் மாமா” என்றான் மைத்துனன். பட்ட கொடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டும். தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்ட வேண்டும். மிச்சக் கொடிகளின் வேரில் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை ஊற்ற வேண்டும். மறுநாளே மலையில் இருக்கும் தன் ஆபீஸ் நண்பரை அக்காவின் தோட்டத்துக்கே போய்ப் பார்க்கவும் சொல்லிவிட்டான்.

எங்களை மாதிரி ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வீடு தீப்பிடித்து எரியும் படத்தைக் காட்டினாலும், “லைட்டிங் பிரமாதம், எந்த லென்ஸ்?” என்றுதான் கேட்போம். எப்படி எடுத்தாய் என்று கேட்கத் தெரிந்த அளவுக்கு, எதற்காக எடுத்தாய் என்று கேட்கத் தெரியாது.

நேற்று காலை பாப்பாத்தி அக்காவிடமிருந்து இன்னொரு படம் வந்தது. கை ஆடியிருக்கிறது. பாதி ஃபிரேமை அவர் விரலே மறைத்திருக்கிறது. மீதியில், ஒரு மிளகுக் கொடியின் நுனியில் புதுத் தளிர்.

சிவராமன் சார் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ‘டைப்பிங்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. போச்சு, ஃபோகஸ் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரே ஒரு வரி வந்தது.

“மிச்சக் கொடியெல்லாம் எப்படி இருக்குதுங்க அக்கா?”