கை மாறிப் போன எருமை

எனக்குத் துரோகம் செய்தவர்களில் முதல் ஆள் கீழ்பென்னாத்தூர் தனசேகர். அவனும் என்னைப் போல பேஸ் கிட்டார் வாசிக்கிறவன்தான். அதனாலேயே ஆறவில்லை. பேஸ்காரன் மேடையில் இருப்பது யாருக்கும் தெரியாது; அவன் ஒரு பாட்டுக்குக் கையை எடுத்துவிட்டால் மட்டும் பந்தியில் சாப்பிடுகிறவன்கூட ‘என்னமோ குறையுதே’ என்று திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட பிழைப்பில் இருக்கும் நாம் ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருக்க வேண்டாமா? பேஸுக்கு நாலே கம்பி; இதைப் படிப்பவர்களில் அந்த நாலு கம்பிக்காரர்கள் இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். மற்றவர்களும் படியுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஓரமாக நின்று வாசித்தவன் நானாகவும் இருந்திருக்கலாம்.

வார்த்தை

என்னிடம் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. பதினைந்து அங்குல ஸ்பீக்கர், கறுப்புத் தோல் போர்த்திய பெட்டி, அரிசி மூட்டை கனம். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பாபு அதற்கு ‘எருமை’ என்று பெயர் வைத்தான். எருமையை முடுக்கிவிட்டு அடிக் கம்பியைத் தொட்டால் சத்தம் காதுக்குப் போகாது, நேராகக் கால் வழியாக ஏறும். இருபத்திரண்டு வருடம் அது என்னோடு இருந்தது. பிறகு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வேறு வழியில்லாமல் எருமையைத் தனசேகருக்குக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்து வாத்தியக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆசையாக வைத்திருந்த சாமானை விற்கும்போது, ‘நீ எப்போது கை மாற்றினாலும் முதலில் என்னைக் கேட்க வேண்டும்’ என்று சொல்லித்தான் கொடுப்போம். வாங்குகிறவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்வான். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. தனசேகரும் அடித்தான், எனக்குக் கை எரியும் அளவுக்கு. ஆறு மாதத்தில் என் உடம்பு தேறியது. குழுவுக்கு வேன் வந்தது, பெட்டி ஏற்றி இறக்க இரண்டு ஆட்களும் வந்தார்கள். எருமையைத் திரும்பக் கேட்கலாம் என்று பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனால், அவன் வைத்திருக்கும் உரக்கடையில் எருமையைக் காணோம். யாருக்கோ கொடுத்துவிட்டானாம், யாருக்கு என்று சொல்ல மாட்டானாம். “முதல்ல என்னைக் கேக்கறேன்னு கை அடிச்சியேடா!” என்று கத்தினேன். உர மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்துகூட வராமல் சொன்னான்: “அண்ணா, உங்களுக்குத் திரும்பவும் ஆசை வரும்னு நீங்கதானே முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கணும்?”

தடித்த கம்பி

எருமை இல்லாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் குழுத் தலைவர் ஜெயபால் கீபோர்டு வாசிக்கிறவர். அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம்: பேஸை இடது கையாலேயே வாசித்துவிட்டால் ஒரு ஆள் மிச்சம். எருமை இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை, அந்தச் சத்தம் எந்த இடது கையிலும் வராது என்று அவருக்கே தெரியும். எருமை போனதும், “கார்த்திகை வரைக்கும் பாக்கலாம், அதுக்குள்ள ஒரு நல்ல பெட்டி ஏற்பாடு பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டார். அதாவது பெட்டி வராவிட்டால் நானும் வர வேண்டாம்.

போளூர் ரோட்டில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் பேஸ் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பார்த்தவுடனே சந்தேகம், அது சாதாரண கிட்டார் பெட்டி. எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். அந்த ஆள் முன்பக்கத் திருகு ஒன்றைக் காட்டி, “பாருங்க, பேஸ்னு எழுதியே இருக்குது” என்றார். எல்லா ரேடியோவிலும்தான் அப்படி எழுதியிருக்கிறது. இருந்தாலும் கார்த்திகை நெருங்குகிற அவசரத்தில் வாங்கிவிட்டேன். வேங்கிக்காலில் ஒரு வரவேற்பு. இரண்டாவது பாட்டில் அடிக் கம்பியை ஒரு இழுப்பு இழுத்ததும் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து, ஈரத் துணியை உதறுகிற மாதிரி சத்தம் வந்தது. ஜெயபால் என்னைப் பார்த்துக்கொண்டே இடது கையைக் கீழே இறக்கி என் பங்கையும் வாசித்தார். மறுநாள் பெட்டியையும் கிட்டாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நியாயம் கேட்டேன். விற்றவர் என் கிட்டாரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தடிச்ச கம்பி ரெண்டையும் தொட்டா அப்படித்தாங்க ஆவும், மெல்லிசா ரெண்டு இருக்குதுல்ல, அதுலயே வாசிச்சிக்க வேண்டியதுதானே?”

ஒரு கம்பி போதும்

என்னிடம் பழைய பேஸ் கிட்டார் ஒன்று உபரியாக இருந்தது. அதை விற்றுக் கிடைப்பதை நல்ல பெட்டிக்குப் போடலாம் என்று நினைத்தேன். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கேட்பதாக ஆட்டோக்காரர் சீனு சொன்னார். அவரே கூட்டிக்கொண்டும் போனார், அவரேதான் மொழிபெயர்ப்பும். வெள்ளைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மலை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு, அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். கண்ணை மூடினார். சத்தம் முழுக்க அடங்கிய பிறகு இன்னொரு தட்டு. நானும் சீனுவும் நின்றோம், பிறகு உட்கார்ந்தோம், பிறகு சீனு போய் டீ குடித்துவிட்டு வந்தார். முக்கால் மணி நேரம் அந்த ஒரே கம்பி, ஒரே சுரம்.

எனக்குச் சந்தோஷம்தான். பேஸ் சத்தத்தை இவ்வளவு மரியாதையாகக் கேட்ட மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. விலையைக் குறைத்துச் சொல்லலாமா என்றுகூட மனசு இளகியது. அவர் கண்ணைத் திறந்து சீனுவிடம் ஏதோ சொன்னார். சீனு என் பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தார்: “அண்ணா, அவருக்கு ஒரு கம்பியே ஜாஸ்தியாம், மத்த மூணையும் கழட்டி நீங்களே வெச்சிக்கிட்டு விலையைக் கம்மி பண்ணுவீங்களான்னு கேக்கறாரு.”

பௌர்ணமி

அந்தச் சமயத்தில்தான் பாபு ஒரு தகவல் கொண்டுவந்தான். எருமை வெகுதூரம் போகவில்லையாம், எங்கள் ஊரிலேயே மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் மூர்த்தியிடம் இருக்கிறதாம். உடனே போன் போட்டேன். “வந்து பாருங்க, உங்ககிட்ட இருக்கற பெட்டியைக் குடுங்க, மாத்திக்கலாம். இன்னிக்கு வந்தாத்தான் ஆச்சு, நாளைக்கு நான் வெளியூர்” என்றார். அன்றைக்குப் பௌர்ணமி. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கிரிவலப் பாதையில் ஆட்டோவை விட மாட்டார்கள், தெரு முழுக்க ஜனம். கிழிந்த ஸ்பீக்கரை மாற்றிச் சரிசெய்து வைத்திருந்த கிட்டார் பெட்டியைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குட வண்டியில் ஏற்றினேன். தூசி படாமல் வெள்ளை வேட்டியால் மூடிக் கட்டி, கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு அம்மா தொன்னையை நீட்டியபடி வந்தார். பிறகு அவர் குடும்பம். நான் வியர்வை துடைக்க நின்றால் அவர்களும் நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன், இருபது பேர் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தார்கள். வெள்ளைத் துணி மூடின வண்டி என்றால் அன்னதானம்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. ‘இது சோறு இல்லைங்க, ஸ்பீக்கர்’ என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. கடைசியில் வேட்டியை அவிழ்த்துக் காட்டினேன். வரிசையில் முதலாவதாக நின்ற அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே: “போடறதுக்கு ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பெரியவரே மூடி எடுத்துட்டு வந்து ஆசை காட்டறீங்க?”

கம்பீரமான குரல்

அடி அண்ணாமலையில் ஒரு பந்தலில் எருமையைக் கண்டேன். மூர்த்தி அதில் மைக்கைச் செருகி, காணாமல் போனவர்களைப் பற்றி அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். பேஸ் பெட்டியில் மனிதக் குரலை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், கிணற்றுக்குள் இடி இடித்த மாதிரி இருந்தது. செஞ்சியிலிருந்து வந்த ஒருவர், தன் மனைவி பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டு அங்கேயே இரண்டு மணி நேரமாக நின்றிருந்தார். அவர் மனைவி இதற்குள் கூட்டத்தோடு பந்தலை இரண்டு தடவை கடந்து போயிருக்கிறார் (பிறகு அவரே சொன்னது), தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல். பெயர் யாருக்கும் புரியவில்லை என்று மூர்த்தியிடம் சொன்னேன். அவர் எருமையின் தலையில் செல்லமாகத் தட்டினார்: “எது எப்படியோ, குரல் கம்பீரமா இருக்குதுல்ல?”

நேர்மையான மனிதர்

மூர்த்தி நல்லவர். அதுதான் எனக்கு வந்த கேடு. என் பெட்டியில் மைக்கைச் செருகிப் பேசிப் பார்த்தார், குரல் தெளிவாக வந்தது, பிடித்துப்போனது. அந்தச் செஞ்சிக்காரரின் மனைவிகூட அதைக் கேட்டு வந்து சேர்ந்துவிட்டார். நான் எருமையின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். அப்போது மூர்த்தி, “ஒரு நிமிஷங்க, ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று போனை எடுத்தார். யாரை என்றேன். தனசேகரை. எருமையைக் கொடுக்கும்போது, ‘நீ எப்போது கை மாற்றினாலும் முதலில் என்னைக் கேட்க வேண்டும்’ என்று அவன் மூர்த்தியிடம் கை அடித்து வாங்கியிருக்கிறான்! என்னை ஏமாற்றிய அதே வழக்கத்தை வைத்தே.

போனில் அவன் குரல் எனக்கும் கேட்டது. எனக்குத்தான் தருகிறார் என்று தெரிந்ததும் ஒரு நொடி யோசித்தான். பிறகு, “எனக்கே வேணுங்க, விடியறதுக்குள்ள வண்டி அனுப்பறேன்” என்றான். நான் போனைப் பிடுங்காத குறை. அவன் எனக்குக் கொடுத்த வார்த்தையை மீறினான், அப்படிப்பட்டவனுக்குக் கொடுத்த வார்த்தையை நீங்கள் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று பந்தலில் எல்லோரும் பார்க்கச் சண்டை போட்டேன். மூர்த்தி பொறுமையாகக் கேட்டார். எனக்கு ஒரு தொன்னை புளிசாதம் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு சொன்னார்: “அவர் உங்களுக்குக் குடுத்த வார்த்தை அவர் பாடுங்க, நான் அவருக்குக் குடுத்தது என் பாடு, என்னுத நான் காப்பாத்தணும்ல?”

தவறவே தவறாத வார்த்தை

கார்த்திகை வந்துவிட்டது. ஜெயபால் கேட்டார், நல்ல பெட்டி கிடைக்கவில்லை என்றேன். அவருடைய இடது கை சிரித்தது, வாய் சிரிக்கவில்லை. அப்போது பாபுதான் இடையில் புகுந்து, எருமையை வாடகைக்கு எடுக்கலாமே என்றான். தனசேகர் ஒப்புக்கொண்டான், வாடகை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சோடு. மேடையில் எருமையைப் பார்த்ததும் போய் அதன் தலையைத் தடவினேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். முதல் பாட்டிலேயே பலகை அதிர்ந்து கால் வழியாக ஏறியது. ஜெயபால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கச்சேரி முடியும்வரை அது அங்கேயே இருந்தது. அடுத்த இரண்டு கச்சேரிக்கும் என்னை வரச் சொன்னார். எருமையோடு வரச் சொன்னார்.

பெட்டியை எடுத்துப் போக வந்த தனசேகரை மேடைக்குப் பின்னால் மடக்கினேன். எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், திருப்பிக் கொடு, நீ அடித்துச் சத்தியம் செய்த கை என் கை என்றேன். அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது போல, என் தோளில் கை போட்டான். “அன்னிக்குத் தப்பு பண்ணிட்டேண்ணா, ஒத்துக்கறேன். அதனாலதான் இப்ப முடிவே பண்ணிட்டேன்” என்றான். என்ன முடிவு என்றேன். எருமையை இரண்டு ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவன் அதைப் பார்த்தபடி முழு மனசோடு சொன்னான்: “எருமையை இனிமே யாருக்குமே விக்கப் போறதில்லண்ணா, அப்புறம் நான் உங்களுக்குக் குடுத்த வார்த்தை எப்படித் தவறும்?”

ஆக, நாலு கம்பிச் சகோதரர்களே, வார்த்தை பாக்கி வர வேண்டியது எனக்கு, கச்சேரிக்குக் கச்சேரி வாடகை கட்டுகிறவனும் நானே.