மெட்டி கறுக்காத மீன் குழம்பு

யுத்த காலம். ரேஷன் அரிசி பாதி வாரத்துக்குக்கூடப் போதாது. நாங்கள் பருத்திப்பட்டில் இருந்தோம். என் புருஷன் ஆவடி மிலிட்டரி கேம்ப்பில் மண் சுமந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலை வெட்டித் தோலுரித்த கடல் மீன் இரண்டைச் சும்மா கிடைத்ததென்று கொண்டுவந்தார். எங்களுக்குத் தெரிந்தது ஏரி மீன்தான். இது என்ன மீனென்று சொல்ல ஆளில்லை.

பயமாக இருந்தது. கால் மெட்டியைக் கழற்றிக் கழுவி, கொதிக்கிற குழம்பில் போட்டேன். விஷமிருந்தால் வெள்ளி கறுக்கும் என்பார்கள். மெட்டி வெள்ளையாகவே வெளியே வந்தது. உழைக்கிறவராயிற்றே என்று மீனை அவருக்கே வைத்து, நான் கஞ்சி குடித்தேன்.

சற்று நேரத்தில் உதட்டைத் தடவிப் பார்த்தார். "இன்னாமே, வாயெல்லாம் மரத்துகினு வருது."

பிறகு கை மரத்தது. பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் அவரை ஏற்றி, மிச்சக் குழம்பையும் சட்டியோடு எடுத்துக்கொண்டு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தேன். அங்கே டாக்டர் இல்லை, கம்பவுண்டர் மட்டும்தான். மெட்டியைப் பற்றிச் சொன்னதும் தலையிலடித்துக்கொண்டார்.

"இந்த வெசத்துக்கு வெள்ளி கறுக்காதும்மா. பேத்தை மீனா இருக்கும். எதுனா ஒரு உசுரு தின்னாத்தான் தெரியும்." சட்டியிலிருந்து ஒரு மீன் துண்டை ஆஸ்பத்திரிப் பூனைக்குப் போட்டார்.

"தெரிஞ்சா மருந்து கீதா?"

"இல்ல."

அதற்குள் இவருக்கு மூச்சு அடங்கியது. கம்பவுண்டர் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் இரு பக்க விலாவிலும் கைவைத்து அழுத்திக் காட்டினார். "அமுக்கு, உடு. நிறுத்தாதே."

அமுக்கினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது பூனை பின்னங்காலை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்ந்தது. கம்பவுண்டர் அதைப் பார்த்துவிட்டு வந்து இவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"அதேதான். பூனையும் செத்துப்போச்சு. நாடி கெடைக்கல. உட்டுடும்மா, போய்ட்டாரு."

கையை எடுத்தேன். அழுகைகூட வரவில்லை. அதே வண்டியில் அவரைப் பிணமாக ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதை நினைத்தேன். முடியவில்லை. மறுபடி அமுக்கத் தொடங்கினேன். கம்பவுண்டர் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவரும் வந்து மாற்றிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் விலா தானாக ஒருமுறை ஏறி இறங்கியது.

இரண்டு நாள் கழித்து அவருக்குப் பேச்சு வந்தது. "எல்லாம் கேட்டுச்சி. பூனை செத்துதுன்னது, போய்ட்டாருன்னது. கண்ணுதான் தொறக்க வரல." பிறகு, "நீ கைய எடுத்துட்ட மே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோன குரலில் சொன்னார்.