கொடியில் இரண்டு கோடு

பெப்ரவரி பிறந்தால் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலையில் சுதந்திர தினத்துக்காகக் கடைக்குக் கடை இலங்கையின் சிங்கக் கொடி ஏறிவிடும். விடிகாலைப் பனியில் துணி மட்டும் அசைய, கண்டி ரோட்டில் பஸ்கள் சத்தமில்லாமல் மிதந்து போவதுபோல எனக்குத் தோன்றும். அரைத்தூக்கத்தில் தேத்தண்ணி ஊற்றுகிறவளுக்கு அது ஒரு சுகம்.

எங்கள் தேத்தண்ணிக் கடையிலும் ஒரு கொடி இருந்தது. துவைத்துக் கட்டினால்தான் மரியாதை என்று எனக்கொரு எண்ணம். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் சுடுதண்ணியில் சவுக்காரத் தூள் போட்டு ஊற வைத்தேன். போய்ப் பார்த்தால் சாயம் இறங்கி, சிங்கமும் கோடுகளும் ஒரே குழம்பாய்க் கிடந்தன.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நம்ம கடையில மட்டும் கொடி இல்லாட்டி என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?"

"பேசுறவங்களுக்காகவா கொடி கட்டுறீங்க?"

"ஆமா. வெளிய நின்னு பதில் சொல்றது நான்தானே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சின்ன வயதில், தமிழர் கடைகளுக்குத் தீ வைத்த கலவரத்தில், தகப்பனின் கடை எரிவதைப் பார்த்தவர்.

மாத்தளைக்குப் போய் ஒரு கொடி வாங்கி வந்தார். விரித்தேன். சிங்கம் இருந்தது, வாள் இருந்தது. ஓரத்தில் முஸ்லிம்களுக்கென்று இருக்கிற பச்சைக் கோடும், தமிழர்களுக்கென்று இருக்கிற செம்மஞ்சள் கோடும் இல்லை. நாடு சிங்களவருக்கு மட்டும் என்கிற சிலர் அப்படியும் அச்சடித்து விற்கிறார்கள்.

"இதுதான் மிச்சம் இருந்திச்சு. தூரத்துல பாத்தா தெரியாது."

"நாம இல்லாத கொடிய நாமளே கட்டுறதா? நல்லாருக்கே."

என் பழைய சேலையில் செம்மஞ்சள் கிடைத்தது. பச்சைக்கு எதிர்ப்புறத் துணிக்கடை முஸ்லிம் நானாவிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "எங்களையும் விட்டுட்டாங்களா? அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வெளிய நிக்கிறோம்," என்று ஒரு துண்டு வெட்டித் தந்தார்.

பொழுது சாயத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அந்தச் சத்தத்தில் மனசு எங்கேயோ போய்விட்டது. அம்மனுக்குப் பட்டு தைப்பதுபோலவும், மகளுக்கு முதல் பாவாடை தைப்பதுபோலவும் இருந்தது. பச்சையும் செம்மஞ்சளும் ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தன. அளவு பார்க்கவே இல்லை.

காலையில் கட்டினோம். பக்கத்துக் கடைச் சிங்கள அக்கா அண்ணாந்து பார்த்து, "கோடு ரெண்டும் சிங்கத்த விடப் பெருசா இருக்கே," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு ஒரு கள்ளமும் இல்லை. சிரித்துவிட்டு எப்போதும்போல் பிளேன்டீ கேட்டாள்.

வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. கத்தரிக்கோலோடு உள்ளே வந்தார்.

"கோடு ரெண்டயும் கொஞ்சம் வெட்டிப் பிடிச்சுத் தைச்சுக் குடு. கண்ணுல படாத மாதிரி."

கத்தரிக்கோலை வாங்கி, மெஷின் லாச்சியை இழுத்து உள்ளே போட்டு மூடினேன்.

"கொடி இல்லாட்டியும் பயம், கட்டினாலும் பயம்னா நாம எங்கதான் போறது, சொல்லுங்க."

அவர் வெளியே போனார். கொடி காற்றில் அகலமாக விரிந்து பறந்தது, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவர் மட்டும் அன்று முழுக்க அதற்குக் கீழே நிற்கவில்லை. ரோட்டோரமாய்த் தள்ளி, வேறு யாருடைய கடைக்கோ வந்தவர்போல நின்றார்.