எதிர்வீட்டு வெளிச்சம்

கடற்கரையில் தனியே தங்கவென்று வாங்கிய காம்பிங் லைற் இரண்டையும் ஜீப்பின் கூரையில் பூட்டி, வயரைப் பற்றரிக்கு இழுத்தேன். ஒருவர் உள்ளே சுவிச்சைத் தட்ட, எரிகிறதா என்று மற்றவர் வெளியே நின்று சொல்கிற வேலை இது. புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பது நான் மட்டுந்தான். ஆகவே, எரிந்தால் உள்ளிருந்தே தெரியட்டும் என்று ஜீப்பை எதிர்வீட்டுக்கு முகம்காட்டி நிறுத்தினேன். அவர்கள் கனடா போய்க் கனகாலம். பொழுதுபட்டதும் தட்டினேன். பூட்டிய வீட்டின் யன்னல் கண்ணாடியெல்லாம் வெளிச்சம்.

பக்கத்து ஒழுங்கை அக்கா, முருங்கைக்காய்க் கட்டோடு சைக்கிளில் வந்துவிட்டார்.

"வெளிச்சம் கண்டனான். அவையள் வந்திட்டினமோ?"

"இல்லை அக்கா. நான்தான் லைற் போட்டுப் பாத்தனான்."

"ஆ, நீரோ."

முருங்கைக்காயோடு சைக்கிளைத் திருப்பினார். என் வீட்டில் தினமும்தான் விளக்கெரிகிறது.